கோத்தகிரி மாருதி: எந்த வேலை முதலில்?

அக்டோபர் 5, ஞாயிறு

வண்டி கார்பரேட்டர் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, புத்தகத்தில் சுமார் 37 குதிரைத்திறன். அந்தக் கணக்கு கீழ்நாட்டுக்கு. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். 28 கிடைத்தால் பெரிது. நான்கு பேரோடு தொட்டபெட்டா ஏற்றத்தில் இரண்டாம் கியரை விடவே முடிவதில்லை.

ஏற்றத்தில் இழுவையைக் கூட்டக் கையில் 40,000 ரூபாய். பையன்கள் சைலன்சரில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். சத்தம் ஏறும், வண்டி ஏறாது. ஒரு நண்பர் எஸ்டீமின் 1,298 சிசி எஞ்சினையே தூக்கி வைத்துவிடு என்கிறார். அதோடு கியர் பாக்ஸ், ஆக்சில், மவுண்டிங், ஆர்.சி. என்று வால் நீளும். வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வேறு. வேண்டாம். இருக்கிற எஞ்சினே போதும். ரேஸ் கார் வடிவமைத்த கரிவரதன் கோவையில் இந்த மாருதி எஞ்சினை வைத்துத்தானே ஃபார்முலா மாருதி ரேஸ் கார் கட்டினார்! செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயர்தான்.

அக்டோபர் 7, செவ்வாய்

எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே 9,000 எடுத்து வைத்தாயிற்று. முன் பேட், பின் ஷூ, ஹோஸ், ரேடியேட்டர் மூடி. மூடிக்கு என்ன அவசரம் என்று வீட்டில் கேட்டார்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைப் பிடித்து அதைத் தடுப்பது இந்த மூடிதான். அது போனால் எஞ்சின் சூடேறி, சிலிண்டர்களின் மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போகும். அப்புறம் பவர் ஏற்றி என்ன பயன்?

அக்டோபர் 9, வியாழன்

கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்த்தோம். எஞ்சின் சூடாக, மூன்று பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்து. வரிசையாக 130, 100, 128 பி.எஸ்.ஐ. கோத்தகிரியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான் என்பதால் எண் சிறியதாக இருப்பதில் பயமில்லை. பயம் அந்த நடு சிலிண்டரில். ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அடித்தோம், முள் அசையவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து முள்ளை ஏற்றியிருக்கும். ஆக, வால்வு.

இந்த ஒரு சோதனையில் திட்டமே திரும்பிவிட்டது. உக்கடத்தில் பிஸ்டன் செட் விசாரித்து வைத்திருந்தேன். மெக்கானிக் அண்ணன் சிரித்தார்: "போர் கேஜ் போடாம எந்த சைஸ்னு வாங்குவீங்க தம்பி? 0.25ஆ, 0.50ஆ? வாங்கினாலும், பிஸ்டனைக் கையில வச்சு அளந்துதான் போர் போடுவாங்க."

போர் என்பது சிலிண்டரின் உள் விட்டம்; தேய்ந்திருந்தால் அத்தனை மி.மீ. பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடுவார்கள். முதலில் போரை அளப்பது, அப்புறம் பிஸ்டன், அதற்கப்புறம்தான் போரைப் பெரிதாக்கும் லேத். போர் நன்றாகவே இருந்தால் அந்தக் காசு முழுவதும் ஹெட்டுக்குப் போகும்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஹெட்டை இறக்கினோம். நடுவில் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கருகியிருக்கிறது. போரில் நகத்துக்குத் தட்டும் மேடு இல்லை, கேஜும் தேய்மானம் அளவுக்குள் என்றது. பிஸ்டன் வேண்டாம்.

ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவினால் கலவை இன்னும் அமுங்கும், இழுவை கூடும். எவ்வளவு சீவலாம் என்று மாலை முழுவதும் காகிதமும் பென்சிலும். போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72. ஒரு சிலிண்டர் 265 சிசி. கம்ப்ரஷன் விகிதம், அதாவது கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 8.7 என்றால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம், கேஸ்கெட் கனமும் சேர்த்து, சுமார் 34.5 சிசி. ஹெட்டில் 0.5 மி.மீ. சீவினால் அதிகபட்சம் 1.8 சிசி குறையும், விகிதம் 9.1 பக்கம் வரும். மேலேயே ஓட்டுவதானால் 9.5க்குக்கூட ஆசைப்படலாம், மெல்லிய காற்றில் கலவை தானாக வெடித்து எஞ்சின் எளிதில் தட்டாது. ஆனால் இந்த வண்டி மேட்டுப்பாளையம் போகும். சித்திரை வெயிலில், அடர்ந்த காற்றில், சாதாரண பெட்ரோலில், அங்கிருந்துதான் திரும்ப ஏற வேண்டும். மலை வண்டிக்கு விகிதத்தை முடிவு செய்வது மலையடிவாரம்தான். 9.1 போதும்.

அக்டோபர் 14, செவ்வாய்

கோவைப் பட்டறைக்காரரோடு போனில். சீவும் அளவைச் சொன்னதும் தடுத்துவிட்டார். அவர் சொல்லும் சீட், வால்வு உட்காரும் விளிம்பு; ரூம், ஹெட்டில் கலவை எரியும் குழி.

"சீட் வெட்டாம சீவச் சொல்லாதீங்க. சீட் வெட்டுனா வால்வு உள்ள இறங்கும், ரூம் பெருசாகும். நீங்க சீவுனதுல பாதி அங்கயே போயிரும்ங்க."

சரிதான். அதனால் முதலில் வால்வின் தண்டு ஓடும் குழாயான கைடு, அப்புறம் சீட், பிறகு வால்வையும் சீட்டையும் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங். பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, கண்ணாடிப் பலகை வைத்து, சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டு மூன்று ரூமையும் அளப்பது. சீவுவது அதற்குப் பின்னால்தான். சீவும் முன்பே கேஸ்கெட்டும் கையில் இருக்க வேண்டும். கடையில் தருவது பழையதைவிட 0.2 மி.மீ. தடிப்பு என்றால் 0.7 சிசி திரும்ப வந்துவிடும்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக்குப் பட்டறை ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த வாரம்தான். மழை வேறு. ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

கார்பரேட்டர் பற்றி மெக்கானிக் அண்ணனோடு வாக்குவாதம். பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டை இப்போதே மாற்றிவிடலாம் என்கிறார். மேலே பிளக் கறுப்பாக வருகிறது, உண்மைதான். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாது, கலவை அடர்ந்துவிடும். ஆனால் ஊட்டிக்கு ஏற்ற சிறிய ஜெட்டோடு மேட்டுப்பாளையத்தில் முழு ஆக்சிலரேட்டரில் போனால் கலவை வறண்டு, புதிதாகப் போட்ட வால்வே மறுபடி கருகும். அதோடு ஹெட் வேலை முடிந்ததும் எஞ்சின் இழுக்கும் காற்றும் மாறும். இப்போது வாங்கும் ஜெட் அப்போது ஆகுமா? முடித்து, ஆயில் ஒருமுறை மாற்றி, கீழே ஒரு நாள், மேலே ஒரு நாள் பிளக் நிறம் பார்த்துவிட்டுத்தான் ஜெட். அண்ணனுக்கு முழுச் சம்மதமில்லை.

வால்வு, கைடு, கேஸ்கெட் செட், டைமிங் பெல்ட் எல்லாம் வந்தாயிற்று. பட்டறைக் கூலி, ஆயில் போக 7,000 மிஞ்சும். அதில் கிளட்ச் பிளேட் பார்க்க வேண்டும். ஹெட் புதன்கிழமை காலை பஸ்ஸில் கீழே போகிறது.