மயிலாடும்பாறையில் என் ஞாயிற்றுக்கிழமைகள்

கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூரில் இறங்கி தொகரப்பள்ளி பக்கம் போனால் மயிலாடும்பாறை, இரும்புக்கால மக்கள் வாழ்ந்து, இறந்தவர்களைப் புதைத்த இடம். அங்கே வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டும் வேலையை, சம்பளம் எதுவும் இல்லாமல், என் விருப்பத்துக்குச் செய்துவருகிறேன். முதல் நாளே ஒரு பையன் கேட்டான்: "அக்கா, வெறும் கல்லாதானே இருக்கு?"

நியாயமான கேள்வி. கோயில் என்றால் தூணைக் காட்டலாம், சிற்பத்தைக் காட்டலாம். இங்கே கண்ணில் படுவது கல்வட்டமும், முள்செடிகளுக்கு நடுவே மண்ணிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் பலகைக்கல்லின் விளிம்பும்தான். மற்றதெல்லாம் உள்ளே.

அதனால் நான் நோட்டுப் புத்தகத்தில் ஆரம்பிப்பேன். கெட்டி அட்டை போட்ட நாலு நோட்டை வாங்கி, ஒன்றின் ஓரம் அடுத்ததில் முட்டி நிற்கிற மாதிரி சுவஸ்திகம் போல மண்ணில் நட்டுவிட்டு, வெளியிலிருந்து தள்ளிப் பாருங்கள் என்பேன். தள்ளுவார்கள், விழாது. ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும். இறந்தவர்களுக்காக மண்ணுக்குள் கட்டிய கல் அறைதான் கற்பதுக்கை, அதன் சூட்சுமம் இதுதான்: குழி வெட்டி, நாலு பலகைக்கல் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்துவிட்டால், சுற்றியுள்ள மண் நெருக்க நெருக்க அது இறுகும். ஒரு பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும், அதுக்குப் பேர் இடுதுளை. அதற்காகவே ஓட்டை போட்ட அட்டை ஒன்று என் பையில் எப்போதும் இருக்கும்.

அப்புறம் அளக்கிற டேப். தமிழ்நாடு தொல்லியல் துறை 2021-ல் இங்கே தோண்டியபோது, மக்கள் குடியிருந்த பகுதியில் 104 செ.மீ., 130 செ.மீ. ஆழங்களில் எடுத்த மாதிரிகளுக்கு கி.மு. 1615, கி.மு. 2172 என்று காலம் வந்தது. இரும்பைப் புழங்கிய மக்கள் அவர்கள். 130 செ.மீ. உயரமுள்ள ஒரு பிள்ளையை நிறுத்தி, "இவன் தலை முங்குகிற அளவுக்குத் தோண்டினா நாலாயிரம் வருஷம்" என்று சொன்னால் சத்தம் அடங்கிவிடும். 2025-ல் வெளியான அறிக்கையில், தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போயிருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

போன மாதம் ஆடு மேய்க்க வந்த பாட்டி ஒருவர் எங்களோடு உட்கார்ந்து கேட்டார். "பாண்டவங்க இருந்த எடம் கண்ணு இது. எங்க மாமனார் காலத்துல புதையல்னு ராத்திரில தோண்டுனாங்க, ஓட்டாஞ்சில்லுதான் கெடச்சுது."

எனக்கு வயிறு எரிந்தது. எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று குறிக்காமல் பிடுங்கிய பானைக்குச் சரியாக வயது சொல்வது ரொம்பக் கஷ்டம். கலைத்த மண்ணைத் திரும்ப அடுக்கவும் முடியாது. இதைப் பிள்ளைகளிடம் ரெண்டு தடவை சொன்னேன்.

கிளம்பும்போது ஒரு சிறுமி உள்ளங்கையை விரித்தாள். உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, பெருவிரல் நகத்தளவு ஓடு. "எங்க எடுத்த?" என்றேன். கூட்டிப் போய்க் காட்டினாள். "சிவப்புதான் மேல இருந்துச்சுக்கா" என்று அப்படியே வைத்து, சிட்டிகை மண்ணைத் தூவினாள்.