காயல் பக்கம் பார்த்துப் போடும் திட்டம்: ஹேட்டராஸ் தீவு நாட்குறிப்பு

ஜனவரி 6

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுகள்; அங்கே ஒரு வாரம் கடலோர வாடகை வீட்டில் தங்கத் திட்டம். கிழக்கே அட்லாண்டிக், மேற்கே பாம்லிகோ சவுண்ட் என்ற அகலமான காயல், நடுவில் நூல் பிடித்தாற்போல் மணல். கடை, உணவகம், கூட்டம் எல்லாம் வேண்டுமென்றால் வடக்கே நேக்ஸ் ஹெட், கில் டெவில் ஹில்ஸ் போதும். அமைதி வேண்டுமென்றால் தெற்கே ஹேட்டராஸ் தீவு: ரோடாந்தி, வேவ்ஸ், சால்வோ, ஏவன், பக்ஸ்டன், ஃபிரிஸ்கோ, ஹேட்டராஸ் என ஏழு ஊர். ஏழையும் கோத்து ஓடுவது என்.சி. 12 என்ற ஒரே இருவழிச் சாலை. அதற்கு மாற்றுச் சாலை கிடையாது.

எல்லோரும் முதலில் வீட்டுப் படங்களைத்தான் திறக்கிறார்கள். முதலில் திறக்க வேண்டியது இந்தச் சாலையின் வரைபடம். 2003 செப்டம்பரில் இசபெல் புயல் ஃபிரிஸ்கோவுக்கும் ஹேட்டராஸுக்கும் நடுவே தீவையே அறுத்துப் புது முகத்துவாரம் போட்டது. அதை மண் கொட்டித் தூர்க்கச் சுமார் இரண்டு மாதம் ஆனது. 2011-இல் ஐரீன் புயல் தீவின் வடபகுதியான பீ ஐலண்டில் சாலையை உடைத்தது. பிறகு பாலங்கள் வந்தன. ஒரிகன் முகத்துவாரத்தின் மேல் 2.8 மைல் பாலம் 2019-இல் திறந்தது; ரோடாந்திக்கு வடக்கே காயலுக்குள் வளைந்து போகும் 2.4 மைல் பாலம் 2022-இல். அடிக்கடி அறுபட்ட இடம் சிலவற்றை இவை தாண்டிவிட்டன. எல்லாவற்றையும் அல்ல.

ஜனவரி 19

மாதம் முடிவு செய்தாகிவிட்டது: ஜூன் நடுப்பகுதி. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. செப்டம்பரில் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும், வாடகையும் குறையும், ஆனால் அது சூதாட்டம். பள்ளிக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஜூன்தான் சரி.

வீடுகள் வாரக் கணக்கில்தான் கிடைக்கும், பெரும்பாலும் சனி முதல் சனி வரை. சில வீடுகள் ஞாயிறு முதல் ஞாயிறு. தேதி இளகுமென்றால் ஞாயிறு வீட்டையே தேடுங்கள். சனிக்கிழமை மதியம் தீவுகளுக்கு வரும் யு.எஸ். 158 பாலத்தில் நெரிசலில் நிற்பது விடுமுறையில் சேர்த்தியே இல்லை.

பிப்ரவரி 3

வீடு பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை.

பெரும்பாலான வீடுகள் மரத்தூண்களின் மேல்தான். வாசலுக்கே ஒரு மாடிப்படி. அதற்கு மேல், பல வீடுகளில் படுக்கையறை கீழே, சமையலறையும் கூடமும் உச்சித் தளத்தில். கடல் தெரிவதற்காக இந்தத் தலைகீழ் அமைப்பு. முழங்கால் வலியுள்ள அம்மா, அப்பா வருகிறார்கள் என்றால், ஒரு காபிக்கு இரண்டு மாடி. லிஃப்ட் உண்டா, அது சாமானுக்கா ஆளுக்கா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆள் கணக்கும் விளையாட்டல்ல. கழிவுநீர் போவது செப்டிக் தொட்டிக்கு. தொட்டி படுக்கையறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் அனுமதி பெற்றது. எட்டுப் பேர் வீட்டில் பதினான்கு பேர் குளித்துத் துவைத்தால் மூன்றாம் நாள் கீழ்த்தளக் குளியலறையில் பதில் வரும். பொரித்த எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றவே கூடாது. பழைய பால் கேனில் ஊற்றிக் குப்பையில் போடலாம்.

கடலுக்கு முதல் வரிசை வீடு தேவையா? ரோடாந்தியில் 2020 முதல் பல வீடுகள் கடலுக்குள் சரிந்துவிட்டன. 2022 மே 10 அன்று ஒரே நாளில் இரண்டு. கரை தேய்ந்த இடத்தில் முதல் வரிசை என்றால் அலைக்கு மேலே குடித்தனம். இரண்டாவது வரிசையில் வாடகையும் குறைவு, மணல்மேட்டைத் தாண்டினால் அதே கடல்.

பிப்ரவரி 5

விலை. விளம்பரத்தில் 3,000 டாலர் என்றால் ஹேட்டராஸ் அடங்கிய டேர் கவுண்டியில் விற்பனை வரியும் தங்கும் வரியுமாக 12.75 சதவீதம், 382.50 டாலர் கூடும். அதற்கு மேல் சுத்தம் செய்யும் கட்டணம், பதிவுக் கட்டணம், நாய் வந்தால் அதற்கொன்று. படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா என்பதையும் பாருங்கள். இல்லாத வீடுகள் இன்னும் உண்டு.

பயணக் காப்பீட்டுப் பெட்டியில் டிக் போடாமல் கடந்துபோகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வட கரோலினாவின் விடுமுறை வாடகைச் சட்டப்படி, கட்டாய வெளியேற்ற உத்தரவு வந்தால் தங்க முடியாத இரவுகளுக்கு உரிமையாளர் பணம் திருப்பித் தர வேண்டும். ஆனால் அவர் வாடகையில் 8 சதவீதத்துக்கு மிகாத காப்பீட்டைக் கொடுக்க முன்வந்து, நீங்கள் வேண்டாம் என்றிருந்தால் அந்த உரிமை போயிற்று. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது.

வெளியேறச் சொல்வதற்குப் புயல்தான் வேண்டும் என்பதில்லை. 2017 ஜூலை 27 அன்று பாலக் கட்டுமானத்தில் மின்கேபிள் அறுந்து, ஹேட்டராஸும் பக்கத்துத் தீவான ஒக்ரகோக்கும் இருண்டன. நல்ல வெயில் நாளில் பயணிகள் மூட்டை கட்டினார்கள். பாலிசியில் இந்த மாதிரிக் காரணம் அடங்குமா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மார்ச் 22

காயலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக, ஏனென்றால் இதில்தான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள்.

பாம்லிகோ காயலில் நிலவுக்கு ஏறி இறங்கும் ஓதம் மிகச் சொற்பம். நீர்மட்டத்தை முடிவு செய்வது காற்று. புயல் நெருங்கும்போது காற்று காயல் நீரை மேற்கே, ஆற்றுவாய்களை நோக்கித் தள்ளும். தீவுப் பக்கம் தரை தெரியும். புயலின் கண் கடந்ததும் காற்று திரும்பும். தள்ளிவைத்த நீர் முழுவதும் தீவின் முதுகில் வந்து மோதும். 2019 செப்டம்பர் 6 அன்று டோரியன் புயல் ஒக்ரகோக்கை மூழ்கடித்தது இப்படித்தான். புயல் இல்லாத நாளிலும் பலத்த மேற்குக் காற்று ஒரு நாள் அடித்தால் தாழ்ந்த தெருவில் முழங்காலளவு உப்புநீர் நிற்கலாம்.

ஆகவே காயலோர வீடு என்றால், காரை எங்கே நிறுத்துவது என்பதையும் கேளுங்கள். வீடு தூண் மேல் இருக்கும், கார் தரையில்தான்.

மே 10

கடற்கரையில் வண்டி ஓட்டத் தேசிய கடற்கரைப் பூங்காவின் அனுமதி வேண்டும்: 10 நாளுக்கு 50 டாலர், ஆண்டுக்கு 120. ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் எடுக்கலாம். வண்டியில் மண்வெட்டி, ஜாக், ஜாக்குக்கு அடியில் வைக்கப் பலகை, குறைந்த அழுத்தம் காட்டும் டயர் கேஜ் நான்கும் இருக்க வேண்டும். பலகை இல்லாவிட்டால் வண்டி ஏறாது, ஜாக்தான் மணலில் இறங்கும்.

மணலில் இறங்குமுன் நின்று நான்கு டயரையும் 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். பலரும் 28-இல் நிறுத்திவிட்டு, ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே என்பார்கள். அகன்று படியாத டயர் மணலைத் தோண்டும், அவ்வளவுதான். வேகம் மணிக்கு 15 மைலுக்குள். சிக்கினால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரம் சுழலச் சுழல அச்சு வரை புதையும். ஸ்டீயரிங்கை நேராக்கி, டயர்களுக்குப் பின்னால் மணலை வாரி எறிந்து, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்வாங்குங்கள். நகரவில்லையென்றால் 15-க்கு இறக்குங்கள். தார்ச் சாலை ஏறுமுன் காற்றை நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரஸர் கையோடு இருக்கட்டும்.

ஜூனில் பக்ஸ்டன் பக்கத்து மணல் முனையான கேப் பாயின்ட் மூடியிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கரைப்பறவைகள் முட்டையிடும் காலம் அது.

ஜூன் 2

கரையில் தீ மூட்ட அனுமதி இலவசம், ஆனால் கட்டாயம். கோடையில் குறிப்பிட்ட கடற்கரைகளில் மட்டும். பீ ஐலண்டில் தீயும் இல்லை, வண்டியும் இல்லை.

குடையைக் குத்துவது கலை. குழாயை மணலில் முட்டித் தள்ளினால் ஆறு அங்குலம்தான் போகும். திருகாணி போன்ற மணல் நங்கூரம் வாங்கி, ஈரமணல் வரும் வரை, கிட்டத்தட்ட இரண்டடி, திருகி இறக்க வேண்டும். குடையின் தலை காற்று வரும் திசைக்குச் சாய்ந்திருக்க வேண்டும். பறக்கும் குடை ஈட்டிக்குச் சமம்.

குழந்தைகள் தோண்டும் குழியை மாலையில் மூடிவிடுங்கள். முட்டையிட வரும் கடலாமை விழும், இரவில் நடப்பவர் காலும் முறியும்.

ஜூன் 10

காற்று முன்னறிவிப்பைப் பார்க்கத் தொடங்க வேண்டும். தென்மேற்குக் காற்று நாலு நாள் விடாமல் அடித்தால் கிட்டி ஹாக், நேக்ஸ் ஹெட் பக்கம் மேல்நீர் வெளியே தள்ளப்பட்டு அடிநீர் ஏறிவரும்; கோடையிலும் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். மேற்குக் காற்று என்றால் கடிக்கும் ஈ.

சிவப்புக் கொடி என்றால் கணுக்காலுக்கு மேல் வேண்டாம். உயிர்காப்பாளர் இருப்பது ஒருசில இடங்களில்தான். இழுவை நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து வெளியேறுங்கள்.

ஒக்ரகோக் போவதென்றால், ஹேட்டராஸ் வண்டிப் படகு இலவசம்; முன்பதிவு கிடையாது, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். காலை முதல் படகுகளைப் பிடியுங்கள். பத்து மணிக்கு மேல் வரிசைதான்.

ஜூன் 12

அரிசி, பருப்பு, மசாலா வீட்டிலிருந்தே. தீவில் பெரிய சூப்பர்மார்க்கெட் ஏவனில் ஒன்றுதான். சனி மாலை அதன் அலமாரியில் பால் தேட வேண்டியிருக்கும்.

கிளம்புமுன் டிரைவ்என்சி என்ற சாலை நிலவரத் தளத்தில் என்.சி. 12 நிலவரம் பார்க்கவும். சாலையில் தேங்கி நிற்பது மழைநீரா உப்புநீரா என்று தெரியாவிட்டால் உப்பு என்றே வைத்துக்கொண்டு மெதுவாகப் போங்கள். ஊர் திரும்பிய அன்றே வண்டியின் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவவும், பிரேக் பக்கம் இரண்டு தடவை.