வியாழன்ல பாஸ்பீன் எப்படி வந்துச்சு, அப்புறம் அதைக் கணக்குப் போட எடுக்கற டேபிள்ல இருக்கற ஒரு நம்பர்

வியாழனோட காத்துல பாஸ்பீன் (பாஸ்பரஸும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு) இருக்குங்கறது 1970-கள்லயே தெரிஞ்சு போச்சு. பத்து லட்சம் மூலக்கூறுக்கு சுமாரா ஒண்ணுதான், சனியில இன்னும் ஜாஸ்தி. ஆனா நாம பார்க்கற மேல்மட்டத்துல அது இருக்கவே கூடாது! 1 பார் அழுத்தம் (நம்ம பூமியில கடல்மட்டத்துல இருக்கற காத்தழுத்தம் மாதிரி) உள்ள இடத்துல மைனஸ் 108 டிகிரி செல்சியஸ், அந்தக் குளிர்ல சமநிலைக் கணக்குப்படி, அதாவது வினைங்க எல்லாம் முழுசா நடந்து முடிஞ்சா என்ன மிஞ்சும்ங்கற கணக்குப்படி, பாஸ்பரஸ் எல்லாம் தண்ணியோட சேர்ந்து ஆக்ஸிஜனைப் புடிச்சிருக்கணும், கார்பன் மோனாக்சைடும் மொத்தமா மீத்தேனா மாறியிருக்கணும், ஆனா அதுவும் நூறு கோடிக்கு ஒண்ணுங்கற அளவுல அங்கதான் சுத்திக்கிட்டு இருக்கு.

கார்பன் மோனாக்சைடு விஷயத்துக்கு 1977-ல பிரின், பார்ஷேனு ரெண்டு விஞ்ஞானிங்க விடை சொன்னாங்க. ஆழத்துல சூடான வாயு மேல ஏறி வருது, வர வர குளிருது, குளிர குளிர வினையோட வேகம் குறையுது, சுமார் 1000 கெல்வின் பக்கம் வரும்போது காத்து கலக்கற வேகத்துக்கு வினையால ஈடு கொடுக்க முடியல, அந்த இடத்துல என்ன விகிதம் இருந்துச்சோ அதே விகிதம் அப்படியே மேல வந்துடுது. இதைத்தான் க்வென்ச்சிங்னு சொல்றாங்க, பாஸ்பீனும் இதே மாதிரிதான் மேல வருது. எனக்கு இது ரொம்பப் புடிச்ச விஷயம், ஏன்னா 1995 டிசம்பர் 7 அன்னிக்கு உள்ள இறங்குன கலிலியோ ஆய்வுக்கலமே ஒரு மணி நேரம் போல தாங்கி 22 பார் அழுத்தம் வரைக்கும்தான் போச்சு, ஆனா இந்த மூலக்கூறுங்க நூத்துக்கணக்கான பார் ஆழத்துலேர்ந்து சேதி கொண்டு வருது.

அந்தச் சேதியைப் படிக்கத்தான் தெர்மோ டேபிள், அதாவது ஒவ்வொரு சேர்மத்தோட வெப்ப ஆற்றல் கணக்கும் இருக்கற அட்டவணை வேணும். பாஸ்பரஸோட ஆக்சைடு ஒண்ணு இருக்கு, நாலு பாஸ்பரஸ், ஆறு ஆக்ஸிஜன். அதோட உருவாதல் வெப்பம் (தனிமங்கள்லேர்ந்து அது உருவாகும்போது ஏற்படற வெப்ப மாற்றம்) எல்லாரும் எடுக்கற ஜனாஃப்ங்கற அட்டவணையில மோலுக்கு மைனஸ் 2214 கிலோஜூல் கிட்ட இருக்கு, இன்னொரு அளவீட்டுல மைனஸ் 1600 பக்கம். 600 கிலோஜூல் வித்தியாசம்ங்க! 1000 கெல்வின்ல அதை சமநிலை மாறிலியில (எந்தச் சேர்மம் எவ்வளவு மிஞ்சும்னு சொல்ற எண்) போட்டுப் பாருங்க, 10-இன் 31-ஆம் அடுக்கு அளவுக்கு விடை மாறுது. முதல் நம்பரை எடுத்தா அந்த ஆக்சைடுதான் பாஸ்பீனை அழிக்கற முக்கிய ஆளு, ரெண்டாவதை எடுத்தா அதுக்கு அங்க பெருசா வேலையே இல்ல, பாஸ்பாரிக் அமிலம் மாதிரி வேற சேர்மத்தைத் தேடணும். அதனால மாடல் ஓட்டறவங்க தயவுசெஞ்சு அந்த ஒரு வரி எந்த அளவீட்டுலேர்ந்து வந்துச்சுன்னு பார்த்துட்டு அப்புறம் ரன் பண்ணுங்க.