விலங்கியல் கொப்பியும் என் முயல்களும்

பிள்ளைகளுக்கான மிருகக் கதைகளை எழுதி, படமும் நானே கீறிப் பிழைக்கிறேன் என்பது நம் பழைய மாணவர் சங்கத்தில் பலருக்குத் தெரியும். அதனால் பள்ளிச் சித்திர வகுப்பைப் பற்றித்தான் எழுதுவேன் என்று இந்தச் சங்க மலரைத் தொகுக்கும் குழுவினர் நினைத்திருப்பார்கள். சித்திர வகுப்பில் பூச்சாடியும் பழத்தட்டும் கீறினோம், அவ்வளவுதான். எனக்குத் தொழில் கற்றுத் தந்தது ஃபோர்மலின் மணக்கும் விலங்கியல் ஆய்வுகூடம்.

எங்கள் விலங்கியல் மாஸ்டரை மறந்தவர்கள் இருக்க முடியாது. செய்முறைக் கொப்பியில் அவர் சட்டம் கடுமையானது. பென்சிலைக் கூராகச் சீவ வேண்டும். தடவித் தடவிக் கீறாமல் ஒரே கோடாக இழுக்க வேண்டும். நிழல் போடவே கூடாது. பெயர் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் அந்தப் பக்கமே போச்சு. "நிழல் போடுறது தெரியாததை மறைக்கிறதுக்கு" என்பார். சித்திரக்காரர்கள் சண்டைக்கு வரலாம், ஆனால் பாதி உண்மை.

ஒருநாள் நாயின் எலும்புக்கூட்டுப் படத்தைத் தொங்கவிட்டு, பின்காலில் பின்பக்கமாக மடிந்திருக்கும் மூட்டு எது என்று கேட்டார். முழங்கால் என்றோம். முன்வாங்கில் இருந்தவனை எழுப்பி நுனிக்காலில் நிற்க வைத்தார். "இப்ப இவன்ர குதிக்கால் எங்க நிக்குது?" நாயும் பூனையும் விரல்களில் நடக்கின்றன, நாங்கள் முழங்கால் என்றது அவற்றின் குதிக்கால். குதிரை இன்னும் ஒருபடி மேலே போய், ஒரே விரலின் நுனியில், குளம்பை ஊன்றி நிற்கிறது. கரடிதான் நம்மைப் போல் பாதம் பதித்து நடக்கிறது. கதைப் புத்தகத்தில் கரடிக்குக் காற்சட்டை போட்டு நிமிர்த்தி வைப்பது ஏன் சுலபம், குதிரைக்குப் போட்டால் ஏன் தலையிடி என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

தெரிந்துகொண்டு மீறுவதும் இதில் உண்டு. முயலுக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. ஏறக்குறைய சுற்றிவரத் தெரியும், மூக்குக்கு நேர்முன்னே இருப்பது மட்டும் தெரியாது. ஆனால் பிள்ளைக்கு முயலின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். ஆகவே என் முயல்களின் கண்கள் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கும். எரிக் கார்ல் 1969இல் வெளியிட்ட கம்பளிப்புழுக் கதையில் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சியைப் போல் கூடு கட்டி அதற்குள்ளிருந்து வருகிறது. மாஸ்டர் பார்த்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பார். உலகப் பிள்ளைகள் யாரும் குறை சொல்லவில்லை.

பெரும்பாலான படப் புத்தகங்களுக்கு 32 பக்கங்கள்தான். பெரிய தாளில் அச்சிட்டு மடித்து வெட்டுவதால் வரும் கணக்கு அது. தலைப்பு, பதிப்பு விபரம் எல்லாம் போக, கதைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று விரிபக்கங்கள், அதாவது விரித்தால் எதிரெதிரே தெரியும் பக்கச் சோடிகள், மிஞ்சும். நடு மடிப்பில் மிருகத்தின் முகம் விழுந்தால் தொலைந்தது. எழுதுவதும் கீறுவதும் ஒரே ஆள் என்றால் ஒரு வசதி: முயல் பயந்துபோனது என்று எழுதியிருப்பேன், காதுகளை முதுகோடு ஒட்டிக் கீறியதும் அந்த வரியை அடித்துவிடுவேன். எழுத்தில் நான் செய்கிற வேலை பெரும்பாலும் இப்படி அடிப்பதுதான்.

அண்மையில் ஒரு பதிப்பாளர், ஆந்தை எலியை ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல் கீறித் தரும்படி கேட்டார். ஆந்தையின் கண் குழிக்குள் உருளாது, அதனால்தான் கழுத்தைச் சுமார் 270 பாகை வரை திருப்புகிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்ப கழுத்தையே திருப்பிவிடுங்கோ" என்றார். உடம்பு ஒரு பக்கமும் முகம் முதுகுப் பக்கமுமாகக் கீறிக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது அந்தப் பக்கம் வந்தால் போதும், எல்லோரும் தங்கள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அப்புறம் மிச்சக் கதையை யார் கேட்கிறார்கள்?