உப்புக் காற்றில் இலக்கத் தகடு கழராமல் இருக்க நான் செய்தவை

யாழ்ப்பாண நகரிலிருந்து கடல் நீரேரியின் குறுக்கே செல்லும் பண்ணைத் தாம்போதி வழியாக வேலணைத் தீவுக்கு வேலைக்குச் சென்று வருகின்றவன் நான். சென்ற சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், என் காரின் முன் இலக்கத் தகடு, வாகனம் குலுங்கும்போதெல்லாம் பம்பரில் மோதிச் சத்தமிடத் தொடங்கியது. கையால் பிடித்துப் பார்த்தபோது இடப்பக்கத் திருகாணி தன் துளைக்குள்ளேயே சும்மா சுழன்றது. வலப்பக்கத்தது மட்டுமே தகட்டைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யத் தொடங்கி, முன்னும் பின்னும் இரு தகடுகளையும் முழுமையாகக் கழற்றிப் புதிதாகப் பொருத்தி முடிக்கும் வரை நான் பார்த்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். தீவகத்துக்கு ஓடுகின்ற பலருடைய வாகனங்களிலும் இதே தளர்வை அதன் பின்னர் கவனித்திருக்கிறேன்.

இது சத்தத்தோடு நின்றுவிடுகின்ற விடயமாக இருந்தால் இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை இங்கு வீதிகளில் வெள்ளம் நிற்கும் நாட்களில், முன் தகடு நீருக்குள் சுளகு பிடித்தது போல எதிர்த்து நிற்கிறது. மெதுவாக ஓட்டினாலும் அதன் முழுப் பரப்பிலும் நீரின் அழுத்தம் விழுகின்றபடியால், ஒரு பக்கம் தளர்ந்திருக்கும் தகடு மறுபக்கத்தையும் கிழித்துக்கொண்டு போய்விடும். போன தகடு கலங்கிய நீருக்கடியில் எங்கே கிடக்கிறது என்று தேடுவது கடினம். தகடு தொலைந்தால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிய வேண்டும். அதன் பிரதியோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிய தகடு கைக்கு வரும்வரை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் விளக்கம் சொல்ல வேண்டும். தொலைந்த தகட்டை வேறொருவர் எடுத்துத் தவறான காரியத்துக்குப் பயன்படுத்தினால் தேடி வருவது நம்முடைய வீட்டு வாசலுக்கு என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

கழற்றிப் பார்த்தபோதுதான் அடிப்படைக் கோளாறு விளங்கியது. என்னுடையது ஜப்பானில் ஓடி, பாவித்த நிலையில் இலங்கைக்கு வந்த கார். ஜப்பானியத் தகட்டின் அளவு 330 மில்லிமீற்றர் அகலமும் 165 மில்லிமீற்றர் உயரமும் ஆகும்; அதன் இரு துளைகளுக்கும் இடையிலான தூரம் 210 மில்லிமீற்றர்; ஆணி 6 மில்லிமீற்றர் தடிப்பானது. அந்த அளவுக்கென்றே வாகனத்தில் உலோகப் புரியோடு இரண்டு துளைகள் தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. நம்முடைய நீண்ட தகடு அந்த இடைவெளிக்குப் பொருந்துவதில்லை. என் காருக்கு முதலில் தகடு பொருத்தியவர் அந்த இரண்டு நல்ல துளைகளையும் அப்படியே விட்டுவிட்டு, தகட்டின் இரு ஓரங்களிலும் துளையிட்டு, தானே புரி வெட்டிக்கொண்டு இறங்குகின்ற கூர்முனைத் திருகாணிகளைப் பம்பரின் பிளாஸ்டிக்கில் நேரடியாக இறக்கியிருந்தார். பம்பரின் பிளாஸ்டிக் மெல்லியது, வெயிலில் இளகக்கூடியது. அதில் திருகாணி வெட்டிய புரி, பள்ளம் திட்டியில் தகடு அதிர அதிரத் தேய்ந்து துளை பெருத்துவிடுகிறது. அதன் பிறகு எத்தனை முறை முறுக்கினாலும் பிடிக்காது. பெரிய திருகாணி போட்டால் சில மாதங்களுக்குத் தாங்கும், பின்னர் அதுவும் அதே கதிதான்.

இன்னொன்றும் தெரிந்தது. திருகாணியின் தலைக்குக் கீழே, தகட்டின் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிர்ந்துகொண்டிருந்தது. விரலால் தடவியபோது மாவு போல ஒட்டியது. துளையின் விளிம்பு கடித்தெடுத்தது போல ஒழுங்கற்று அகன்றிருந்தது. வேறுபட்ட இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனைந்தால், அவற்றுள் எளிதில் கரையக்கூடியது மற்றதை விட வேகமாக அரிக்கப்படும். நாகப் (துத்தநாகப்) பூச்சுள்ள மலிவான இரும்புத் திருகாணியில் முதலில் அந்தப் பூச்சுக் கரைகிறது. பிறகு இரும்பு துருப்பிடிக்கிறது. அதோடு சேர்ந்து அதைச் சுற்றியுள்ள அலுமினியமும் அரிபடுகிறது. பண்ணையில் இருபுறமும் கடல் நீரேரி. சோளகம் வீசும் மாதங்களில் அலைநீர் தூவானமாக வீதிக்கு ஏறி வாகனத்தின் ஒரு பக்கம் முழுவதும் படிகிறது. கொழும்பில் பல ஆண்டுகள் தாங்கக்கூடிய திருகாணி இங்கே விரைவில் பழுதாவதற்கு இதுவே காரணம்.

ஆகவே வாகனத்தின் சொந்தப் புரித்துளைகளில்தான் முழுப் பாரமும் நிற்க வேண்டும், உப்பு தின்னாத ஆணியாக இருக்க வேண்டும் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துகொண்டேன். ஆணி விடயத்தில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் சரியான பதில் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் "சில்வர் ஆணி" என்றே எடுத்துத் தந்தார்கள். குருநகரில் படகு இயந்திரங்கள் திருத்துகின்ற ஒரு அண்ணையிடம் போனபோதுதான் வேலை ஒழுங்குக்கு வந்தது. கடல் நீருக்குள்ளேயே கிடக்கின்ற இரும்போடு வாழ்நாள் முழுவதும் மாரடிப்பவர் அவர். நான் கொண்டுபோன ஆணிகளை மேசையில் கொட்டச் சொல்லிவிட்டு, பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை எடுத்து, "தம்பி, இதைப் பிடிச்சுப் பாரும். பாய்ஞ்சு ஒட்டுறதெல்லாம் எங்கட ஊருக்குச் சரிவராது" என்றார். பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டன. நல்ல துருப்பிடிக்காத உருக்கில் 304, 316 என இரண்டு வகைகள் பொதுவாகக் கிடைக்கின்றன. இரண்டும் காந்தத்தில் ஒட்டுவதில்லை, அல்லது மிக இலேசாகவே இழுக்கின்றன. இவற்றில் 316 கடலுக்கு ஏற்றது. ஆணித் தலையில் 'ஏ2' என்று அச்சிட்டிருந்தால் முதல் வகை, 'ஏ4' என்றால் இரண்டாவது வகை என்று அவர்தான் காட்டித் தந்தார். விலை கூடத்தான். ஒரு காருக்குத் தேவைப்படும் சில ஆணிகளுக்கு அந்த விலையைப் பார்ப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

அடுத்தது அடித்தகடு. வாகனத்தின் துளைகளுக்கு இடையிலான தூரமும் நம் தகட்டின் அகலமும் ஒத்துப்போகாதபடியால், இரண்டுக்கும் நடுவே ஒரு தகட்டைக் கொடுப்பதுதான் முறையான வழி. ஸ்ரான்லி வீதியில் 4 மில்லிமீற்றர் தடிப்பான அலுமினியத் தகட்டை வாங்கி, இலக்கத் தகட்டை விட ஒவ்வொரு பக்கமும் சற்றுச் சிறியதாக, வெளியே தெரியாத அளவில் வெட்டுவித்தேன். 3 மில்லிமீற்றர் போதும் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் அடித்தகட்டை வாகனத்தோடு இணைக்கின்ற 6 மில்லிமீற்றர் ஆணியின் தலை, அதன் மேலே வரப்போகும் இலக்கத் தகட்டில் முட்டாமல் உள்ளே இறங்கிப் படிய வேண்டும். அவ்வாறு இறங்குகின்ற கூம்புத் தலையுள்ள ஆணிக்குத் தலை மட்டுமே 3 மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் கேட்கும். 3 மில்லிமீற்றர்த் தகட்டில் தலை வெளியே துருத்திக்கொண்டு நின்று இலக்கத் தகட்டை முதுகிலிருந்து தள்ளும். இந்தச் சிறிய கணக்கைப் பார்க்காமல் செய்யப்பட்ட தகடுகள் நடுவில் புடைத்து நிற்பதை வீதியில் காணலாம்.

அடித்தகட்டின் நான்கு மூலைகளிலும் 7 மில்லிமீற்றர் துளையிட்டு, 5 மில்லிமீற்றர் ஆணிக்குரிய ரிவெட் நட்டுகளைப் பொருத்துவித்தேன். துளைக்குள் செருகிக் கருவியால் இழுத்ததும் பின்பக்கம் புடைத்துத் தகட்டைக் கவ்விக்கொள்ளும் நட் இது. அடித்தகடு பம்பரில் ஏறிய பிறகு பின்னால் கைவிட்டு நட்டைப் பிடிக்க இடமில்லை என்பதால் இதைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தென்படவில்லை. கூம்புத் தலை ஆணிக்கான பள்ளத்தை 90 பாகைக் கூர் கொண்ட துளைமுனையால், அவசரப்படாமல், ஆணியை வைத்து வைத்துப் பார்த்து இறக்க வேண்டும்.

இலக்கத் தகட்டில் துளையிடுவதில்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வாகனத்தின் அடையாளம் இந்தத் தகடுதான். அதிலுள்ள எழுத்து, இலக்கம், அரச சின்னம், பாதுகாப்புக் குறிகள் எவற்றையும் துளையோ ஆணித் தலையோ தொடக்கூடாது. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஆணித் தலை ஒரு எழுத்தின் பகுதி போலத் தோன்றவும் கூடாது. பழைய துளைகளில் அரிக்கப்படாமல் மிஞ்சியிருந்த இடங்களைப் பயன்படுத்தி, தேவையான இடத்தில் மட்டும் புதிதாகத் துளையிட்டேன். தகட்டின் முகப்பில் காகித நாடாவை ஒட்டி, பின்னால் ஒரு பலகையை வைத்து அழுத்திப் பிடித்துத் துளையிட்டால் ஒளி தெறிக்கும் மேற்படலம் உரியாது. துளையின் விளிம்பில் எழும் பிசிரை அரத்தால் மெல்லத் தேய்த்துவிட வேண்டும். அது இருந்தால் வாஷர் சரியாகப் படியாது.

வாகனத்தின் பழைய புரித்துளைகள் பல ஆண்டுகள் திறந்தே கிடந்தபடியால் உப்பும் மண்ணும் ஏறியிருந்தன. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, 6 மில்லிமீற்றர் புரிவெட்டியைக் கையால் முன்னும் பின்னுமாகச் சுழற்றித் துப்புரவு செய்த பிறகு ஆணி விரலாலேயே இறங்கியது. விரலால் சில சுற்று இறங்காத ஆணியைச் சாவி போட்டு முறுக்கக்கூடாது என்பதைக் குருநகர் அண்ணை திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். கோணலாக ஏறினால் வாகனத்தின் புரியே கெட்டுவிடும், பிறகு பம்பரைக் கழற்றாமல் திருத்த முடியாது. பம்பர் வளைவாக இருப்பதால் அடித்தகட்டின் இரு முனைகளும் அந்தரத்தில் நின்றன. அந்த இடைவெளியில் பழைய ரியூபிலிருந்து வெட்டிய இறப்பர்த் துண்டுகளை வைத்த பிறகுதான் அதிர்வு முழுமையாக நின்றது. தகட்டை வளைத்துப் பம்பரோடு ஒட்டவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வளைந்த தகடு பக்கவாட்டிலிருந்து சரியாக வாசிக்கப்படாது.

இலக்கத் தகட்டுக்கும் ஆணித் தலைக்கும் இடையிலும், இலக்கத் தகட்டுக்கும் அடித்தகட்டுக்கும் இடையிலும் நைலோன் வாஷர்கள் கொடுத்தேன். இரு உலோகங்களும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதற்கும், இடையில் நீர் தங்காமல் காய்வதற்கும் இது உதவுகிறது. அதிர்வில் ஆணி கழராமல் இருக்கப் புரியில் பூசுகின்ற நீல நிறப் பசையை ஆணிக்கு ஒரு துளி வீதம் இட்டேன். சிவப்பு நிறத்தது வேண்டாம். அது சூடு காட்டினால்தான் விடும். வாஷர் நசுங்கும் வரை முறுக்காமல், தகடு அசையாத அளவோடு நிறுத்துவதே போதுமானது.

பின்பக்கம் இதைவிட எளிதாக முடிந்தது. அங்கே புரித்துளைகள் கதவின் உலோகத்திலேயே இருப்பதால் உறுதி கூடுதலாக இருந்தது. தகடு மேலே உள்ள சிறு விளக்கின் ஒளியை மறைக்காமலும், பின்கதவைத் திறக்கும் கைப்பிடிக்கும் கமராவுக்கும் தடையாகாமலும் இருக்கிறதா என்பதை இரவில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். யாராவது முன்னர் கதவின் உலோகத்தில் புதிதாகத் துளையிட்டிருந்தால் அதன் விளிம்புக்குக் கட்டாயம் துருத் தடுப்புப் பூச்சுப் பூச வேண்டும்; இல்லையென்றால் கதவே அங்கிருந்து அரிக்கத் தொடங்கும்.

இருபக்கமும் ஒட்டும் நுரை நாடாவை மட்டும் நம்பித் தகடு ஒட்டுவதை இங்குள்ள வெயிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளாஸ்டிக் சட்டங்கள் அழகாக இருக்கின்றன, ஆனால் பலவற்றில் தகட்டைப் பிடிப்பது சில மெல்லிய கொளுவிகள் மட்டுமே. தகட்டுக்கு மேலே போடுகின்ற நிறமூட்டிய கண்ணாடி மூடிகள் வாசிப்பை மங்கலாக்குவதால் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது. இறுக்க மட்டும் முடிந்து கழற்ற முடியாத ஒருவழித் திருகாணிகளையும் சிலர் கேட்கிறார்கள். திருட்டுக்கு அவை ஓரளவு தடைதான். என்றாலும் பம்பரைக் கழற்ற வேண்டிய ஒவ்வொரு திருத்த வேலையிலும் அவற்றை அறுத்தெடுக்க நேர்வதால், முன்பக்கத்துக்கு அலன் சாவியால் (அறுகோணச் சாவியால்) கழற்றக்கூடிய ஆணியையே வைத்துக்கொண்டேன்.

இந்த மாரி முழுவதும் வெள்ளம் நின்ற வீதிகளால் போய் வந்தும் தகடு இம்மியும் அசையவில்லை. வாகனம் கழுவும்போது தகட்டின் பின்பக்கத்துக்கும் நல்ல தண்ணீர் பாய்ச்சுகிறேன். ஒவ்வொரு சேவிஸின்போதும் நான்கு ஆணிகளையும் சாவியால் தொட்டுப் பார்க்கிறேன். மிஞ்சிய ஆணிகள், வாஷர்களோடு 3 மில்லிமீற்றர், 4 மில்லிமீற்றர் அலன் சாவிகள் இரண்டையும் ஒரு சிறு பையில் கட்டி உதிரிச் சில்லின் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எந்தச் சாவி எந்த ஆணிக்குரியது என்று ஒரு துண்டில் எழுதி அதற்குள்ளேயே போட்டிருக்கிறேன். கராஜில் வேறொருவர் கழற்ற நேர்ந்தாலும் அவர் தேட வேண்டியிராது.