இடாப்பில் வெட்டாத பெயர்

சங்கம் வெளியிடும் மலருக்குக் கட்டுரை எழுதச் சொல்லி சங்கத்துத் தம்பி மூன்று தரம் போன் எடுத்துவிட்டார். "அக்கா, உங்கட தொழிலைப் பற்றி எழுதுங்கோ, எங்கட பிள்ளைகளுக்கு உதவும்" என்றார். சரி, தொழிலைப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் அதற்கு 1990இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஜூனில் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டு எங்கள் ஊரான திருகோணமலையில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. திரும்பத் திறந்தபோது எங்கள் வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமை. சிலர் வள்ளத்தில் இந்தியா போய்விட்டார்கள் என்று தெரியும். சிலரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊர்க் கோட்டையில் திரியும் மான்கள் மட்டும் எதுவும் நடக்காததுபோல் மேய்ந்துகொண்டிருந்தன.

தமிழ் டீச்சர் வரவு பதியும் இடாப்பைத் திறந்து முதல் பெயரிலிருந்து கூப்பிட்டார். வராதவளின் பெயர் வந்தால் குரலைத் தாழ்த்தவில்லை, அவசரமாகத் தாண்டவும் இல்லை. "பிரசன்ட் டீச்சர்" என்ற பதிலுக்கு எவ்வளவு நேரம் விடுவாரோ அவ்வளவு நேரம் விட்டு, குறியைப் போட்டு, அடுத்த பெயருக்குப் போவார். வருடம் முடியும்வரை ஒரு பெயரையும் வெட்டவில்லை. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. என் பக்கத்தில் இருந்தவளின் பெயர் வரும் ஒவ்வொரு காலையும் வயிறு பிசையும்.

இப்போது லண்டனில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். மருந்து எழுதுவதில்லை, அது மனநல வைத்தியரின் வேலை. (சொந்தக்காரருக்கு இதை விளங்கப்படுத்தியே பாதி ஆயுள் போய்விட்டது.) உளவியலில் பட்டம், பிறகு உதவியாளராகச் சில வருடம், அப்புறம் பல்கலைக்கழகத்திலும் வைத்தியசாலைகளிலுமாக 3 வருடக் கலாநிதிப் பட்டப் பயிற்சி. இடம் கிடைப்பது கஷ்டம். எனக்கு மூன்றாம் தரம் விண்ணப்பித்துத்தான் கிடைத்தது.

மனச்சோர்வை அளக்க இங்கே 9 கேள்விப் படிவம் ஒன்று உண்டு, உச்சம் 27 புள்ளி. நம்மூர் ஐயா ஒருவர், அடையாளத்தை மாற்றியே எழுதுகிறேன், நித்திரைக் கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டார். 3 புள்ளி. "எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை, ஒரே யோசனை, பெருமூச்சுத்தான் வருது." நமக்கு யோசனை என்றால் கவலை. மொழிபெயர்ப்பாளர் அதை 'திங்கிங்' என்று சொன்னால் ஐயா சுகதேகியாக வீட்டுக்கு அனுப்பப்படுவார்.

அவரோடு 'நரேட்டிவ் எக்ஸ்போஷர்' என்ற முறையில் வேலை செய்தேன். நிலத்தில் ஒரு கயிறு, அதுதான் ஆயுள். நல்லதுக்குப் பூ, கெட்டதுக்குக் கல். மிச்சக் கயிறு சுருட்டியபடி இருக்கும், அது இனி வரப்போகும் காலம். கற்கள் எங்கள் ஊர் உப்புவெளிக் கடற்கரையில் பொறுக்கியவை என்று எழுத ஆசைதான், ஆனால் தோட்டக் கடையில் வாங்கியவை. பயங்கர நினைவுகள் நாளும் இடமும் இல்லாமல் மணமாகவும் சத்தமாகவும் சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு கல்லிலும் நின்று, எப்போது, எங்கே, உடம்பு என்ன செய்தது என்று மெதுவாகச் சொல்லவைத்து எழுதுகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு நம் வடகிழக்குப் பிள்ளைகளிடமும் இதைச் செய்து பார்த்தார்கள். பலன் இருந்தது; தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய அதேயளவு தேறினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கடைசி நாளில் எழுதியதை முழுதாக வாசித்துக் காட்டுவது வழக்கம். ஐயா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய கல்லிடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

"தம்பியின்ர இனிஷல் பிழை, பிள்ளை. திருப்பி வாசியுங்கோ."

திருத்தினேன். அந்தப் பெயரை வாசித்து, கொஞ்ச நேரம் விட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.