பகிர்ந்த இணைப்பின் ஆயுளை யார் குறிப்பது?

சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் அலுவல்கள் இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுவிலும் கூகுள் டிரைவிலும்தான் நடக்கின்றன. மாதாந்திர வரவு செலவுக் கணக்கு, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) ஒப்புதல் பெற்ற வரைபடம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், பொதுக்குழுத் தீர்மானங்கள், வாடகைக்கு வருவோரின் ஆதார் நகல் என எல்லாம் யாரோ ஒருவருடைய டிரைவில் ஏற்றப்பட்டு, அதன் இணைப்பு மட்டும் குழுவில் போடப்படுகிறது. மடிப்பாக்கத்தில் எங்கள் சங்கத்தின் ஆவணங்களைப் பேணும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், இந்த இணைப்புகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. ஓர் இணைப்பு எவ்வளவு காலத்துக்குச் செல்லுபடியாக வேண்டும் என்ற கேள்வியை இச்சேவைகள் பகிர்பவரிடம் கேட்பதே இல்லை என்பதுதான் என் முதன்மையான குறை. அதனால் ஒரு வாரத்தில் முடிய வேண்டியவை ஆண்டுக்கணக்கில் திறந்து கிடக்கின்றன. பத்தாண்டுகள் நிலைக்க வேண்டியவையோ ஒருவர் வீடு மாறிப் போனதும் அற்றுப்போகின்றன.

ஒரு கோப்பைப் பகிர அடிப்படையில் இரண்டே வழிகள் உள்ளன. குறிப்பிட்ட மின்னஞ்சல் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி கொடுப்பது ஒன்று. இணைப்பை வைத்திருக்கும் எவரும் திறக்கலாம் என்று விடுவது மற்றொன்று. இரண்டாவது வழியில், நாமாகச் சேர்த்தாலொழிய, கடவுச்சொல்லோ அடையாளச் சோதனையோ கிடையாது. முகவரிக்குள் இருக்கும், எளிதில் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக்கோவையே அனுமதியாகிறது. வீட்டுச் சாவியைப் போல, யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அது திறக்கும். குழுவில் ஒருவர் அதை வேறொரு குழுவுக்கு அனுப்பினால் அனுமதியும் கூடவே போய்விடுகிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தொழில்நுட்பக் குழு 2014-ஆம் ஆண்டிலேயே இத்தகைய முகவரிகளைப் பற்றி ஒரு வரைவை வெளியிட்டது. அவற்றுக்குக் காலாவதி இருக்க வேண்டும், தேவையானபோது செல்லாததாக்கவும் முடிய வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் அடங்கும்.

அந்தப் பரிந்துரை மிகையான எச்சரிக்கை அன்று என்பது விரைவிலேயே தெரிந்தது. அதே 2014 மே மாதத்தில், கூகுள் டிரைவைப் போன்ற கோப்புச் சேவையான டிராப்பாக்ஸில் ஒரு கசிவு வெளிப்பட்டது. பகிரப்பட்ட ஆவணத்துக்குள் வேறொரு தளத்தின் முகவரி இருந்து, படிப்பவர் அதைச் சொடுக்கினால், அவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்பதை உலாவி அந்தத் தளத்துக்குச் சொல்லும். அப்படிச் சொல்லும்போது ரகசியமாக இருக்க வேண்டிய இணைப்பே அந்தத் தளத்தின் பதிவேட்டில் போய் அமர்ந்துவிடும். டிராப்பாக்ஸ் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய பழைய இணைப்புகளை முடக்கியது. பிறகு 2016-இல், ஆய்வாளர்கள் மார்ட்டின் ஜார்ஜீவும், கார்னெல் டெக் நிறுவனத்தின் விட்டாலி ஷ்மாட்டிகோவும் மைக்ரோசாஃப்ட்டின் கோப்புச் சேவையான ஒன்டிரைவின் சுருக்கப்பட்ட முகவரிகளை ஆராய்ந்தார்கள். நீண்ட முகவரியைச் சில எழுத்துகளாகக் குறுக்கியதால், எழுத்துகளை மாற்றி மாற்றி முயன்றே முன்பின் தெரியாதவர்களின் கோப்புகளை எட்ட முடிந்தது. அப்படி வெளிப்பட்ட கணக்குகளில் ஏறத்தாழ 7 விழுக்காட்டில், எவரும் எழுதவும் மாற்றவும் கூடிய கோப்புறைகள் இருந்தன. இந்த இரண்டு நிகழ்வுகளிலும் தவறு பகிர்ந்தவருடையது அன்று. ஆனால் அந்த இணைப்புகளில் பல, தேவை முடிந்த அன்றே காலாவதியாகியிருந்தால் கசிவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

மக்கள் ஏன் இணைப்பைத் திறந்தே விடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். திருவல்லிக்கேணியிலோ கிண்டியிலோ கல்லூரிப் பக்கம் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடையில் சிறிது நேரம் நின்றாலே அது விளங்கிவிடும். மாணவி தன் புராஜெக்ட் அறிக்கையின் இணைப்பைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார். கடைக்காரர் சொடுக்கினால் அனுமதி தேவை என்ற பக்கம் வருகிறது. பின்னால் வரிசை நிற்கிறது. அந்த நெருக்கடியில் மாணவிக்கு இரண்டு வழிகள்தாம் உண்டு: கடையின் கணினியிலேயே தன் கணக்கில் நுழைந்து கோப்பை எடுத்துக் கொடுப்பது, அல்லது அந்த இடத்திலேயே எவரும் திறக்கலாம் என்று அமைப்பை மாற்றுவது. முதலாவது மிகவும் ஆபத்தானது. அவசரத்தில் வெளியேற மறந்தால் முழு அஞ்சல்பெட்டியும் அங்கே திறந்திருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தவர், அச்சு முடிந்து பைண்டிங்கும் ஆனபின் அந்த அமைப்பைத் திரும்ப மூடுவதை நான் பார்த்ததில்லை. இதை அவருடைய கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு மணி நேர அனுமதி. அப்படி ஒன்று அவருக்குத் தரப்படவில்லை.

காலவரம்பு வைக்கும் தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. ஒன்டிரைவில் சந்தா செலுத்துவோர் இணைப்புக்குக் காலாவதித் தேதியும் கடவுச்சொல்லும் வைக்கலாம். டிராப்பாக்ஸிலும் கட்டணத் திட்டங்களில் இந்த வசதி உண்டு. கூகுள் டிரைவில், குறிப்பிட்ட நபருக்குத் தரும் அனுமதிக்குத் தேதி வைப்பது அலுவலக, கல்வி நிறுவனக் கணக்குகளுக்கு உரிய வசதியாக வந்தது. கூடுதல் இடத்துக்குக் காசு கேட்பது நியாயம். 15 ஜிபிக்கு மேல் வேண்டுவோர் கொடுக்கட்டும். பகிர்ந்ததைக் குறித்த நாளில் மூடிக்கொள்ளும் உரிமையைக் கட்டணத்துக்குப் பின்னால் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆதார் நகலைப் பகிர்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள்தாம். எவரும் திறக்கலாம் என்பதைத் தேர்ந்தவுடன், ஒரு நாள், ஒரு வாரம், நானே மூடும் வரை என்ற மூன்று தெரிவுகளைக் காட்டி, ஒரு வாரம் என்பதை முன்கூட்டியே குறித்துவைத்தால் போதும். மாற்ற வேண்டியவர் மாற்றிக்கொள்வார்.

இனி மறுபக்கம். நிலைத்திருக்க வேண்டிய இணைப்புகள் அறுந்துபோவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. டிராப்பாக்ஸின் பொதுக் கோப்புறை இணைப்புகள் 2017-இல் இலவசக் கணக்குகளுக்கு மார்ச் மாதத்திலும் கட்டணக் கணக்குகளுக்குச் செப்டம்பரிலும் செயலிழந்தன. கூகுள் டிரைவ் 2021 செப்டம்பர் 13 அன்று பாதுகாப்புக்காகப் பல பழைய கோப்புகளின் முகவரியில் கூடுதலாக ஒரு குறியீட்டைச் சேர்த்தது. முன்பே அந்தக் கோப்பைத் திறந்திருந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. பழைய முகவரியோடு புதிதாக வந்தவர்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. பாடக் குறிப்புகளிலும் வலைப்பூக்களிலும் அச்சிட்ட கையேடுகளிலும் இருந்த முகவரிகளை யார் போய்த் திருத்துவது? அதன்பின், இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்குவோம் என்று கூகுள் அறிவித்தது. கணக்கு போனால் அதிலிருந்து பகிர்ந்தவையும் போகும். இறந்துபோனவர் பகிர்ந்துவைத்த குடும்பப் படங்களும் இதில் அடங்கும்.

எங்கள் சங்கத்தில் இது வேறு வடிவில் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறி மின்பலகை அறையும் நனைந்தது. நீர் வடிந்தபின் வந்த எலக்ட்ரீஷியன், மின் இணைப்பு கொடுப்பதற்கு முன் மின்பலகையின் வயரிங் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் கேட்டது முற்றிலும் சரி. வரைபடம் டிரைவில் இருந்தது, அதன் முகவரியும் குழுவில் இருந்தது. ஆனால் அதை ஏற்றியிருந்த முன்னாள் செயலாளர் வெளிநாட்டில் மகள் வீட்டுக்குக் குடிபெயர்வதற்கு முன்பு, முறையாகத் தன் கோப்புறைகளின் பொது அனுமதியை எல்லாம் மூடியிருந்தார். அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தினால் அது அவருக்கு மின்னஞ்சலாகப் போகும். அவருக்கோ அப்போது நள்ளிரவு. மறுநாள் அவர் எழுந்து பார்த்து அனுமதி கொடுத்து, வருத்தமும் தெரிவித்தார். பொதுவான கட்டடத்தின் வரைபடம் ஒரு தனிமனிதரின் தூக்கத்தை நம்பியிருக்க நேர்ந்ததற்கு அவர் என்ன செய்வார்?

கோப்பின் உரிமை ஆளிடம் இல்லாமல் குழுவிடம் இருக்கும் ஏற்பாடு கூகுளிடம் இருக்கிறது. பகிரப்பட்ட டிரைவ் என்ற அந்த வசதியில் ஊழியர் விலகினாலும் கோப்புகள் அங்கேயே இருக்கும். ஆனால் அது நிறுவனங்கள் பணம் கட்டிப் பெறும் திட்டங்களுக்கு உரியது. தனிநபர் கணக்கில் ஒரு கோப்பின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம். அவர் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். கோப்புறையை மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் உரிமை தானாக மாறுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. குடியிருப்புச் சங்கம், கோயில் திருப்பணிக் குழு, முன்னாள் மாணவர் மன்றம், தெரு நூலகம் போன்ற சிறு அமைப்புகள் இந்த ஊரில் எத்தனையோ உள்ளன. இவற்றில் பொறுப்பாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆவணம் மாறக் கூடாது. இரண்டு அல்லது மூன்று பேர் சம உரிமையோடு வைத்திருக்கும் ஒரே ஒரு கோப்புறையை இலவசக் கணக்குகளுக்குத் தருவது பெரிய செலவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

இணைப்பைப் பெறுபவரையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஒரே கைபேசியில் அலுவலகக் கணக்கும் சொந்தக் கணக்கும் இருந்தால், தவறான கணக்கில் திறந்துகொண்டு அனுமதி இல்லை என்கிறது. எந்தக் கணக்குக்கு அனுமதி உண்டு என்பதை, அந்தக் கைபேசியில் ஏற்கனவே உள்ள கணக்குகளைக் கொண்டே சேவை சரிபார்த்துச் சொல்லியிருக்கலாம். இணைப்பு செல்லாதபோது, அது காலாவதியானதா, உரிமையாளர் மூடிவிட்டாரா, கோப்பே நீக்கப்பட்டதா என்று தெரிவதும் இல்லை. அந்நியருக்கு அதைச் சொல்வதே ஒரு தகவல் கசிவு என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். அதனால்தான் பகிர்பவர் விரும்பினால், மூடிய கதவில் ஒரு வரி எழுதி வைக்கும் வசதி வேண்டும்: புதிய கணக்கறிக்கை வந்துவிட்டது, பொருளாளரைக் கேட்கவும் என்பது போல.

2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறிய பின் தனிநபர் தரவை அழிக்கும் கடமையைத் தரவைக் கையாளும் அமைப்புகளுக்கு வைக்கிறது. அதன் உணர்வையொட்டி எங்கள் சங்கம் சில ஏற்பாடுகளைச் செய்தது. சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, அதன் மீட்பு எண்ணும் மின்னஞ்சலும் இரண்டு நிர்வாகிகளிடம் இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஆண்டுக் கூட்டத்தில் பொறுப்பு மாறும்போது கடவுச்சொல்லும் மாறும். வரைபடம் முதலிய நிலையான ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. புதிய வரைபடம் வந்தால் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றாமல், அதே கோப்பின் அடுத்த பதிப்பாக ஏற்றுகிறோம். அதனால் முகவரி மாறுவதில்லை. வாடகைதாரர்களின் அடையாள நகல்களுக்கு எவரும் திறக்கலாம் என்ற அனுமதி எப்போதும் கிடையாது. அவர்கள் வீட்டைக் காலி செய்யும் மாதம் என் நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த மாதம் வந்ததும் கோப்புறையைத் திறந்து, உரிய நகலை நான் கையால் நீக்குகிறேன். டிரைவின் கருத்து தெரிவிக்கும் பகுதியில், இந்த நாட்காட்டி வேலையைச் சேவையே செய்ய வேண்டும் என்று தமிழிலேயே எழுதி அனுப்பியிருக்கிறேன். உங்கள் சங்கத்திலும் இதே நிலை இருந்தால், நீங்களும் எழுதுங்கள்.